மூடிய டிராவர்ஸில் கோணப் பிழை: கணக்கு எப்படி, அது சொல்வது என்ன

நில அளவை கற்கத் தொடங்கியவர்களிடம் கோணப் பிழையைப் பற்றிக் கேட்டால், "எல்லாக் கோணத்தையும் கூட்டு, வித்தியாசத்தைப் பங்கிட்டு விடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். செய்முறையாக அது தவறில்லை. ஆனால் அதோடு சில தப்பான எண்ணங்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கூட்டுத்தொகை சரியாக இருந்தால் ஒவ்வொரு கோணமும் சரி என்று பலர் நம்புகிறார்கள். எவ்வளவு வித்தியாசம் வந்தாலும் பங்கிட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. பெரிய கோணத்துக்குப் பெரிய திருத்தம் தர வேண்டும் என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். கணக்கு என்னவோ வெறும் கூட்டல் கழித்தல்தான். அந்தக் கூட்டல் கழித்தல் எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிப்பதில்லை என்பதில்தான் எல்லாக் குழப்பமும் இருக்கிறது. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

டிராவர்ஸ் என்றால் என்ன

ஓர் இடத்தை அளக்கத் தரையில் சில புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறோம். ஒரு புள்ளியில் நின்றால் அதற்கு முந்தையதும் அடுத்ததும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து போகும் கோடுகளுக்கு டிராவர்ஸ் என்று பெயர். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிலையம். ஒவ்வொரு நிலையத்திலும் தியோடலைட்டையோ (கோணம் அளக்கும் கருவி) டோட்டல் ஸ்டேஷனையோ (கோணத்தோடு தூரத்தையும் அளக்கும் மின்னணுக் கருவி) நிறுத்தி, முந்தைய நிலையத்தைப் பார்த்து, அப்புறம் அடுத்த நிலையத்தைப் பார்த்து, இரண்டு பார்வைக்கும் நடுவே உள்ள கோணத்தை அளக்கிறோம். கூடவே கோட்டின் நீளத்தையும் அளக்கிறோம்.

கடைசியில் தொடங்கிய நிலையத்துக்கே திரும்பி வந்துவிட்டால் அது மூடிய டிராவர்ஸ். திரும்பி வராமல், ஏற்கெனவே திசை தெரிந்த வேறொரு கோட்டிலும் சேராமல், போன இடத்தில் அப்படியே நின்றுவிட்டால் அது திறந்த டிராவர்ஸ்.

இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு. களத்தில் எடுத்த ஓர் அளவைப் பார்த்து அது சரியா தப்பா என்று சொல்ல முடியாது. 101 டிகிரி என்று கருவி காட்டினால், உண்மையில் 101 தானா என்று அந்த எண்ணிடமே கேட்க வழியில்லை. அளப்பதற்கு முன்பே விடை தெரிந்த ஏதாவது ஒன்று வேண்டும். மூடிய உருவம் அப்படி ஒரு விடையை இலவசமாகத் தருகிறது. திறந்த டிராவர்ஸ் தருவதில்லை.

அந்த விடை எங்கிருந்து வருகிறது

ஒரு பெரிய மைதானத்தின் ஓரமாக நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்துக்கு ஐந்து மூலைகள். ஒரு மூலையிலிருந்து நேராக நடக்கிறீர்கள், அடுத்த மூலையில் கொஞ்சம் திரும்புகிறீர்கள், மறுபடி நேராக நடக்கிறீர்கள். ஐந்து மூலையிலும் திரும்பி, தொடங்கிய இடத்துக்கு வந்து, தொடங்கியபோது எந்தத் திசையைப் பார்த்து நின்றீர்களோ அதே திசையைப் பார்த்து நிற்கிறீர்கள். நடந்த வழியில் உங்கள் உடல் மொத்தம் எவ்வளவு திரும்பியிருக்கும்? சரியாக ஒரு முழுச் சுற்று, அதாவது 360°. மைதானம் எந்த வடிவத்தில் இருந்தாலும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இது மாறாது.

சரி, இதை உட்கோணத்தோடு பொருத்துவோம். உட்கோணம் என்பது மைதானத்தின் உள்பக்கமாக, இரண்டு ஓரங்களுக்கு இடையே இருக்கும் கோணம். ஒரு மூலையின் உட்கோணம் 100° என்றால் நீங்கள் திரும்புவது 80°. உட்கோணம் 150° என்றால் திரும்புவது வெறும் 30°. எந்த மூலையிலும் உட்கோணமும் திரும்பிய கோணமும் சேர்ந்து 180° தான். உள்ளே மடங்கிய மூலையாக இருந்து உட்கோணம் 230° ஆனாலும் கணக்கு உடையாது. அங்கே நீங்கள் எதிர்ப்பக்கம் 50° திரும்புகிறீர்கள், அதைக் கழித்தலாக வைத்தால் போதும்.

ஐந்து மூலைக்கு 180° வீதம் மொத்தம் 900°. அதில் திரும்பியது 360°. மீதி 540° முழுவதும் உட்கோணங்களுடையது. பொதுவாகச் சொன்னால், பக்கங்களின் எண்ணிக்கையிலிருந்து 2-ஐக் கழித்து 180-ஆல் பெருக்கினால் உட்கோணங்களின் கூட்டுத்தொகை. முக்கோணத்துக்கு 180°, நாற்கரத்துக்கு 360°, ஆறு பக்கத்துக்கு 720°.

இங்கே ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. சில நேரம் களத்தில் உள்பக்கம் அளக்காமல் வெளிப்பக்கமாகச் சுற்றி அளந்திருப்பார்கள். அந்த வெளிப்பக்கக் கோணம் 360-லிருந்து உட்கோணத்தைக் கழித்தது. ஐந்து மூலைக்கு அதன் கூட்டுத்தொகை 1800-லிருந்து 540 போக 1260°. பக்க எண்ணிக்கையோடு 2-ஐக் கூட்டி 180-ஆல் பெருக்கினாலும் இதே விடைதான். பள்ளிக்கூட வடிவியலில் வெளிக்கோணங்களின் கூட்டுத்தொகை 360° என்று படித்திருப்போம். அங்கே வெளிக்கோணம் என்பது மேலே சொன்ன திரும்பும் கோணம். நில அளவையில் வெளிப்பக்கமாக அளந்தது வேறு. இரண்டையும் கலந்துவிட்டு, "கணக்கு 900 டிகிரி இடிக்கிறதே" என்று திகைப்பவர்கள் உண்டு.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். 540° என்பது தட்டையான தளத்துக்குத்தான் பொருந்தும். பூமி வளைந்தது என்பதால் உண்மையில் கூட்டுத்தொகை ஒரு துளி கூடும். ஆனால் ஒரே ஒரு விநாடி (ஒரு டிகிரியில் 60 நிமிடம், ஒரு நிமிடத்தில் 60 விநாடி) கூடுவதற்கே ஏறக்குறைய 200 சதுர கிலோமீட்டர் பரப்பு வேண்டும். கணிதவியலாளர் காஸ் 1820-களில் ஜெர்மனியின் ஹனோவர் நில அளவையில் ப்ரோக்கன், ஹோஹன்ஹாகன், இன்செல்ஸ்பெர்க் என்ற மூன்று மலையுச்சிகளை இணைத்து அளந்த முக்கோணத்தின் நீண்ட பக்கம் சுமார் 107 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய முக்கோணத்திலேயே கூடுதல் சுமார் 15 விநாடிதான். ஒரு மனையையோ கட்டடப் பணியிடத்தையோ சுற்றி அளப்பவர் இதை மறந்துவிடலாம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மூடிய உருவத்தின் கோணங்கள் எவ்வளவுக்குக் கூட வேண்டும் என்பது அளப்பதற்கு முன்பே தெரியும். அந்த எண்ணுக்குப் பக்கங்களின் நீளமும் தெரிய வேண்டாம், வடிவமும் தெரிய வேண்டாம். எத்தனை பக்கம் என்று தெரிந்தால் போதும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஐந்து நிலையங்கள் கொண்ட ஒரு டிராவர்ஸ். பெயர்கள் க, ச, ட, த, ப. இடஞ்சுழியாகப் போகிறோம், உட்கோணங்களை அளந்திருக்கிறோம். ஃபீல்ட் புக்கில், அதாவது களத்தில் அளவுகளை எழுதும் நோட்டில், இருப்பது:

க: 101° 24′ 10″
ச: 149° 13′ 20″
ட: 80° 58′ 40″
த: 116° 19′ 10″
ப: 92° 04′ 15″

விநாடிகளை முதலில் கூட்டினால் 95. நிமிடங்கள் 118. டிகிரிகள் 538. விநாடி 95 என்பது 1 நிமிடம் 35 விநாடி. அந்த 1 நிமிடத்தை 118-உடன் சேர்த்தால் 119, அதாவது 1 டிகிரி 59 நிமிடம். எல்லாம் சேர்த்து 539° 59′ 35″.

வர வேண்டியது 540° 00′ 00″. அளந்ததிலிருந்து வர வேண்டியதைக் கழித்தால் −25 விநாடி. இதற்குப் பெயர்தான் கோண மூடல் பிழை. அளந்த கோணங்களின் கூட்டுத்தொகைக்கும் இருக்க வேண்டிய கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம். எப்போதும் அளந்ததிலிருந்துதான் கழிக்க வேண்டும். அந்த வழக்கத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டால், திருத்தம் எப்போதும் பிழைக்கு எதிர்க்குறியாக வரும். இங்கே பிழை −25, திருத்தம் +25.

கால்குலேட்டரில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 101° 24′ 10″ என்பதை 101.2410 என்று அழுத்தினால் எல்லாம் பாழ். 24 நிமிடம் என்பது 0.24 டிகிரி இல்லை, 24-ஐ 60-ஆல் வகுத்து வரும் 0.4 டிகிரி. சரியான எண் 101.40278. டிகிரி-நிமிடம்-விநாடிக்குத் தனிப் பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். புதிதாகக் கணக்குப் போடுபவர் கையில் பெரிய மூடல் பிழை வந்தால், களத்தைச் சந்தேகிப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த 25 விநாடி எங்கே பிறந்தது

ஐந்து கோணம், 25 விநாடி, ஆகவே ஒவ்வொரு கோணத்திலும் 5 விநாடி தப்பு நடந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு கோணத்தில் +12 இருக்கலாம், இன்னொன்றில் −30, வேறொன்றில் −9, மற்றொன்றில் +2, ஐந்தாவதில் பிழையே இல்லாமலும் இருக்கலாம். இவற்றைக் கூட்டினாலும் −25 தான். நமக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டும். தனித்தனிப் பிழைகள் என்ன என்பது மூடல் பிழையில் எழுதியிருக்காது.

பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் களத்தில் கைவைக்கக்கூடிய இடம் இதுதான். முதல் காரணம் மையப்படுத்தல். கருவி தரையில் உள்ள ஆணிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். கோட்டுக்குக் குறுக்காக 5 மில்லிமீட்டர் தள்ளி நின்றுவிட்டது என்று வையுங்கள். எதிரே உள்ள நிலையம் 500 மீட்டர் தூரத்தில் இருந்தால், அந்தப் பார்வையில் வரும் பிழை 2 விநாடி. 50 மீட்டரில் இருந்தால் அதே 5 மில்லிமீட்டர் 20 விநாடிக்குமேல் கொடுத்துவிடும். 20 மீட்டரில் 50 விநாடியைத் தாண்டிவிடும். எதிரே பிரிசம் (பார்த்து அளப்பதற்காக வைக்கும் கண்ணாடிக் குறி) வைத்திருக்கும் கம்பி 5 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் இதே விளைவுதான். கருவி ஒரு விநாடி வரை காட்டுகிறது என்பதால் கோணமும் ஒரு விநாடிக்குச் சரி என்று எண்ணுவது இங்கேதான் உடைகிறது. குட்டையான பக்கங்கள் டிராவர்ஸின் எதிரி. தவிர்க்க முடியாத இடத்தில் மையப்படுத்தலுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். பிரிசத்தின் நடுவைப் பார்ப்பதைவிட முடிந்தவரை ஆணியின் முனையையோ கம்பியின் அடியையோ பாருங்கள்.

அடுத்தது கருவியின் சொந்தக் குறைகள். தொலைநோக்கியின் பார்வைக்கோடு அதன் அச்சுக்குச் சரியாகச் செங்குத்தாக இல்லாமல் இருக்கலாம். கிடை அச்சு லேசாகச் சரிந்திருக்கலாம். இவற்றுக்கு நல்ல மருந்து உண்டு: தொலைநோக்கியின் பக்கவாட்டு வட்டு இடப்பக்கம் இருக்கும் ஃபேஸ் லெஃப்டில் ஒருமுறை, தொலைநோக்கியைப் புரட்டி அது வலப்பக்கம் வரும் ஃபேஸ் ரைட்டில் ஒருமுறை அளந்து சராசரி எடுத்தால் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஆனால் கருவியே சரியாக மட்டப்படுத்தப்படாமல் நிலை அச்சு சாய்ந்திருந்தால் இரண்டு ஃபேஸும் காப்பாற்றாது. பார்வை மேலேயோ கீழேயோ சரிவாகப் போகும் இடங்களில் அது பெரிதாகத் தெரியும். அதனால் மட்டம் காட்டும் குமிழைக் கோணம் எடுப்பதற்கு முன்பும் பார்க்க வேண்டும், எடுத்த பின்பும் பார்க்க வேண்டும். வெயிலில் ஒரு பக்கம் சூடாகும் முக்காலி, ஈரமண்ணில் மெல்ல இறங்கும் கால், சூடான தரைக்கு மேலே நெளியும் காற்று, கண்ணின் தடுமாற்றம் என்று இன்னும் சின்னச் சின்னக் காரணங்கள் இருக்கின்றன.

எவ்வளவு வரை பொறுக்கலாம்

பங்கிடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பங்கிடப் போகிறவர்கள்தான் அதிகம்.

அனுமதிக்கப்பட்ட மூடல் பிழை என்பது ஒரு வேலையில் ஏற்றுக்கொள்ளக்கூடிய உச்ச அளவு. வழக்கமான சூத்திரம்: ஒரு நிலையான எண்ணை நிலையங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்குவது. நிலையான எண்ணை வேலையின் விதிமுறைதான் முடிவு செய்யும். சாதாரண வேலைக்கு 1 நிமிடம், இன்னும் கவனமான வேலைக்கு 30 அல்லது 20 விநாடி, நுட்பமான வேலைக்கு அதற்கும் குறைவு என்று போகும். சிலர் கருவியின் லீஸ்ட் கவுண்டை, அதாவது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவை, அந்த எண்ணாக வைப்பார்கள்.

நம் எடுத்துக்காட்டில் 20 விநாடி என்று வைத்தால், 5-இன் வர்க்கமூலம் 2.236, வரம்பு 44.7 விநாடி. நமக்கு வந்தது 25. வேலை தேறிவிட்டது. அதே டிராவர்ஸுக்கு விதிமுறை 10 விநாடி கேட்டிருந்தால் வரம்பு 22.4 விநாடி. அப்போது அதே 25 தேறாது, மறுபடி களத்துக்குப் போக வேண்டியதுதான். ஆக, 25 விநாடி நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்பதில் பொருளே இல்லை. எந்த வேலைக்கு என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

வர்க்கமூலம் ஏன்? ஐந்து கோணத்தில் தலா 20 விநாடி என்றால் 100 விநாடி வரை விடலாமே என்று தோன்றும். அப்படி விட்டால் எல்லாப் பிழைகளும் ஒரே பக்கம் சேரும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். சிறு பிழைகள் அப்படி நடப்பதில்லை, கூடவும் செய்யும் குறையவும் செய்யும். இரண்டு கோணங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் பிழை +5 ஆகவோ −5 ஆகவோ இருக்கலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு. நான்கு வகையில் சேரலாம்: கூட்டுத்தொகை +10, 0, 0, −10. பாதி நேரம் அடித்துக்கொண்டு பூஜ்ஜியமாகிவிடுகிறது. இவற்றின் வர்க்கங்களின் சராசரி 100, 0, 0, 100 ஆகியவற்றின் சராசரி, அதாவது 50. அதன் வர்க்கமூலம் சுமார் 7.07. இது 5-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது. இரண்டு கோணத்துக்குப் பிழை 10 ஆக வளரவில்லை, 7 அளவுக்குத்தான் வளர்ந்தது. நான்கு கோணம் என்றால் இரண்டு மடங்கு, ஒன்பது என்றால் மூன்று மடங்கு, பதினாறு என்றால் நான்கு மடங்கு. நிலையங்கள் கூடக் கூட வரம்பு மெதுவாகத்தான் விரிய வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

இதற்குள்ளேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கருவியின் குறையால் ஒவ்வொரு கோணமும் ஒரே பக்கமாக 5 விநாடி தப்பினால் அவை அடித்துக்கொள்ளாது, அப்படியே குவியும். வர்க்கமூல வரம்பை அடிக்கடி ஒரே குறியில் தாண்டினால், அங்கே தற்செயல் இல்லை. கருவியிலோ பழக்கத்திலோ ஏதோ ஒன்று நிலையாகத் தப்பாக இருக்கிறது.

சுருக்கமாக: முதலில் மூடல் பிழை, அடுத்தது வரம்பு, வரம்புக்குள் இருந்தால் மட்டும் திருத்தம்.

பங்கிடுவது எப்படி

+25 விநாடியை ஐந்தாக வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் +5. திருத்திய கோணங்கள்:

க: 101° 24′ 15″
ச: 149° 13′ 25″
ட: 80° 58′ 45″
த: 116° 19′ 15″
ப: 92° 04′ 20″

கூட்டினால் சரியாக 540° 00′ 00″.

149 டிகிரிக் கோணத்துக்கும் 80 டிகிரிக் கோணத்துக்கும் ஒரே திருத்தமா என்று கேட்பது நியாயமான கேள்வி. கோணம் பிறக்கும் விதத்தை யோசித்தால் பதில் கிடைத்துவிடும். எந்தக் கோணமானாலும் இரண்டு பார்வை: பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று. தவறு நடப்பது அந்த இரண்டு பார்வைகளில். நடுவே தொலைநோக்கி எவ்வளவு தூரம் சுழன்றது என்பது பிழையைப் பெரிதாக்குவதில்லை. 20 டிகிரிக்கும் 160 டிகிரிக்கும் தவற வாய்ப்பு ஒன்றே. நீளத்தை நாடாவால் அளக்கும்போது நீளம் கூடப் பிழை கூடும் என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவந்து போடுவதால்தான் குழப்பம்.

சமமாக வகுபடாமல் போனால்? ஏழு நிலையம், 20 விநாடி என்றால் ஆறு கோணத்துக்கு 3 வீதம் 18, மீதி ஒன்றுக்கு 2. எதற்குக் குறைவாகக் கொடுப்பது? குட்டைப் பக்கங்கள் கூடும் நிலையங்களில்தான் பிழைக்கு வாய்ப்பு அதிகம், அதனால் அவற்றுக்கு 3-ஐக் கொடுத்துவிட்டு, நீண்ட பார்வைகள் கொண்ட நிலையத்துக்கு 2 கொடுப்பது பொருத்தம். ஒரு கோணத்தை மட்டும் கடும் காற்றிலோ மோசமான வெளிச்சத்திலோ எடுத்தோம் என்று ஃபீல்ட் புக்கில் எழுதியிருந்தால், அதற்குக் கூடுதலாகத் தருவதும் தப்பில்லை. ஆனால் எழுதியிருக்க வேண்டும். கூட்டுத்தொகையைப் பார்த்த பிறகு நினைவுக்கு வரும் காற்றை நான் நம்ப மாட்டேன்.

திசைக்கோணம் வழியாக ஒரு சரிபார்ப்பு

திசைக்கோணம் என்பது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஒரு கோடு வரை உள்ள கோணம். க-விலிருந்து ச-வுக்குப் போகும் கோட்டின் திசைக்கோணம் 60° என்று வையுங்கள். இடஞ்சுழியாகப் போய், ஒவ்வொரு நிலையத்திலும் பின்பார்வையிலிருந்து முன்பார்வைக்கு வலஞ்சுழியாக அளந்தால் கிடைப்பது உட்கோணம். அப்போது அடுத்த கோட்டின் திசைக்கோணம், இப்போதைய திசைக்கோணத்தோடு 180-ஐயும் உட்கோணத்தையும் கூட்டியது. 360-ஐத் தாண்டினால் கழித்துவிடலாம்.

ச-வில்: 60 + 180 + 149° 13′ 25″, அதிலிருந்து 360 போக 29° 13′ 25″. இது ச–ட கோடு. ட–த கோட்டுக்கு 290° 12′ 10″. த–ப கோட்டுக்கு 226° 31′ 25″. ப–க கோட்டுக்கு 138° 35′ 45″. கடைசியில் க-வின் உட்கோணத்தையும் சேர்த்தால் 420°, அதாவது மறுபடி 60° 00′ 00″. மைதானத்தைச் சுற்றி வந்தவர் அதே திசையைப் பார்த்து நிற்கிறார். திருத்தாத கோணங்களை வைத்து இதையே செய்தால் 59° 59′ 35″ என்று வரும். குறைவது அதே 25 விநாடி.

இதே முறை இன்னொரு வகை மூடிய டிராவர்ஸுக்கும் உதவும். திசை தெரிந்த ஒரு கோட்டில் தொடங்கி, திசை தெரிந்த வேறொரு கோட்டில் போய் முடிப்பது அது. அங்கே உருவம் சுற்றி வருவதில்லை, அதனால் 540 போன்ற எண் கிடையாது. கடைசிக் கோட்டுக்கு நாம் கணக்கிட்ட திசைக்கோணத்துக்கும் முன்பே தெரிந்த திசைக்கோணத்துக்கும் உள்ள வித்தியாசமே கோண மூடல் பிழை.

மூடல் பிழை பார்க்காத இடங்கள்

க-வில் +40 விநாடியும் ட-வில் −40 விநாடியும் தப்பியிருந்தால் கூட்டுத்தொகை அழகாக மூடும். ஆனால் 40 விநாடி என்பது 200 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 39 மில்லிமீட்டர் விலகல். உருவம் வளைந்திருக்கும், கூட்டல் எதுவும் சொல்லாது. மூடல் பிழை பூஜ்ஜியம் என்றால் பிழைகளின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம் என்று மட்டுமே பொருள்.

தொடக்கத் திசையைத் தப்பாக எடுத்திருந்தால் முழு உருவமும் ஒரு பக்கம் சுழன்றுவிடும். கோணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் அப்போதும் மூடும். தெரிந்த கோட்டில் தொடங்கித் தெரிந்த கோட்டில் முடிக்கும் டிராவர்ஸுக்கு மதிப்பு அதிகம் என்பது இதனால்தான்.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். முக்காலியை நகர்த்தாமல் அதன் மேல் பிரிசத்தையும் கருவியையும் மாற்றி மாற்றி வைக்கும் முறையில், மையப்படுத்தல் பிழை கோண மூடலில் தெரியாது. கருவியும் பிரிசமும் ஒரே இடத்தில் உட்காருவதால், முக்காலிகளின் உச்சிகள் சேர்ந்து ஓர் ஒழுங்கான உருவம் ஆகிவிடுகின்றன. கோணங்கள் பிரமாதமாக மூடும். அந்த உருவம் தரையில் உள்ள ஆணிகளின் உருவமா என்பது தனிக் கேள்வி. முறை நல்ல முறைதான், ஆனால் கருவியை ஆணிக்கு நேர் மேலே நிறுத்த உதவும் செங்குத்துக் குண்டையோ ஒளி மையக்காட்டியையோ அவ்வப்போது சோதித்தாக வேண்டும்.

நீளங்களைப் பற்றிக் கோண மூடல் வாயே திறக்காது. அதற்கு வேறு சோதனை உண்டு. திருத்திய கோணங்களை வைத்து ஒவ்வொரு கோடும் வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு போகிறது என்று கணக்கிட்டுக் கூட்டினால், தொடங்கிய புள்ளிக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் மிஞ்சும் இடைவெளிதான் நீள மூடல் பிழை. 1808-இல் வெளியான பவுடிச் விதி அந்த இடைவெளியைப் பக்கங்களின் நீளத்துக்கு ஏற்பப் பங்கிடுகிறது. அங்கே நீளத்துக்கு ஏற்பத்தான் பங்கு, இங்கே சமமாகத்தான் பங்கு. வரிசையும் முக்கியம்: கோணத்தைத் திருத்திய பிறகே நீளத்துக்கு வர வேண்டும்.

வரம்பைத் தாண்டிவிட்டால்

பெரிய மூடல் பிழை வந்தால் அதைப் பங்கிடக் கூடாது. ஒரு நிலையத்தில் 10 நிமிடம் தப்பாக எழுதியிருந்தால், அதை ஐந்தாகப் பிரித்துக் கொடுப்பது நல்ல நான்கு கோணங்களையும் கெடுத்துவிடும், கெட்டதையும் சரி செய்யாது.

முதலில் எண்ணின் உருவத்தைப் பாருங்கள். பிழை 1° 00′ 15″ என்று வந்தால், ஒரு டிகிரியைத் தப்பாகப் படித்திருக்கவோ எழுதியிருக்கவோ நல்ல வாய்ப்பு உண்டு. 10 நிமிடம், 20 நிமிடம் என்று முழு எண்ணுக்கு அருகே வந்தாலும் அப்படியே. ஒரே ஒரு மூலையில் மட்டும் உள்பக்கத்துக்குப் பதிலாக வெளிப்பக்கக் கோணத்தை எழுதிவிட்டால், பிழை 360-லிருந்து அந்த உட்கோணத்தின் இரண்டு மடங்கைக் கழித்த எண்ணாக வரும். பிழையைப் பாதியாக்கி 180-லிருந்து கழித்தால் அந்த உட்கோணம் கிடைக்கும். அந்த எண்ணை 360-லிருந்து கழித்து, வருவதை ஃபீல்ட் புக்கில் தேடினால் குற்றவாளி சிக்கிவிடும்.

எண் எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை என்றால் ஆயத்தொலைவுகள், அதாவது ஒரு புள்ளி வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்ற எண்கள், உதவும். தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரு திசையில் ஒவ்வொரு நிலையத்தின் ஆயத்தொலைவையும், திருத்தாத கோணங்களை வைத்தே கணக்கிடுங்கள். பிறகு அதே புள்ளியிலிருந்து எதிர்த்திசையில் கணக்கிடுங்கள். தப்பான கோணம் இருக்கும் நிலையம் வரை கணக்கு சரியாகப் போகும், அதைத் தாண்டியதும் எல்லாம் அந்த நிலையத்தை மையமாக வைத்துச் சுழன்றுவிடும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். ஆகவே இரண்டு கணக்கிலும் ஏறக்குறைய ஒரே ஆயத்தொலைவு வரும் நிலையம் எதுவோ, தப்பு அங்கே இருக்கிறது. தொடக்க நிலையத்திலேயே தப்பு என்றால் அடையாளம் வேறு: ஆயத்தொலைவு மூடிவிடும், கடைசித் திசைக்கோணம் மட்டும் ஒத்துப்போகாது.

இந்தச் சுழற்சியை வரைபடத்திலும் பிடிக்கலாம். உண்மையான தொடக்கப் புள்ளியும், சுற்றிவந்து கணக்கில் கிடைத்த புள்ளியும் தப்பு நடந்த நிலையத்திலிருந்து சம தூரத்தில் இருக்கும். இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்து, அதன் நடுவில் செங்குத்துக் கோடு போட்டால் அது அந்த நிலையத்தின் வழியே, அல்லது மிக அருகே போகும். இடைவெளியின் அளவும் துப்பு தரும். கோண மூடல் பிழை 10 நிமிடம், இடைவெளி 0.58 மீட்டர் என்றால், 10 நிமிடத்துக்கு மீட்டருக்கு 2.9 மில்லிமீட்டர் வீதம் விலகும் என்பதால், தப்பு நடந்த நிலையம் தொடக்கப் புள்ளியிலிருந்து சுமார் 200 மீட்டரில் இருக்கிறது.

இவை எல்லாம் ஒரே ஒரு பெரிய தப்பு இருந்தால்தான் பலிக்கும். இரண்டு நிலையங்களில் தப்பு நடந்திருந்தால் எந்த நிலையமும் ஒத்துப்போகாது, அப்போது எல்லாக் கோணங்களையும் மறுபடி எடுப்பதே குறுக்கு வழி. ஒரே நிலையம் என்று தெரிந்துவிட்டால், அங்கே மட்டும் போய், மறுபடி மையப்படுத்தி, இரண்டு ஃபேஸிலும் அளங்கள். புதிய கோணத்தைப் பழைய எண்ணின் மேல் எழுதாமல் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். முக்காலியை மடிப்பதற்கு முன், அங்கேயே நின்று, கூட்டுத்தொகையை மறுபடி போட்டு வரம்போடு ஒப்பிட்டுவிடுங்கள்.